பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்ற அப்பா

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 48 வயது. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். சொந்த ஊர் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா இறந்து அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறது. ஊர்க் கோயிலில் ஆண்டு நினைவுத் திருப்பலி இருக்கிறது, அது முடிந்ததும் அப்பாவைப் பற்றி ஐந்து நிமிஷம் யாராவது பேச வேண்டும், "நீதானே வாத்தியாரு, நீயே எழுதி வாசிச்சிரு" என்று தம்பி என் பொறுப்பில் விட்டுவிட்டான். இரண்டு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டைத் திறந்து உட்காருகிறேன். "எங்கள் அப்பா" என்று எழுதுவேன், அதோடு சரி. அதற்கு மேல் என்ன யோசித்தாலும் ஒரே ஒரு ராத்திரிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதி ஊர் முன்னால் எப்படி வாசிப்பது?

அப்பா 12 வயதில் கடலுக்குப் போனவர். 1950களில் எங்கள் பக்கம் கட்டுமரமும் பாயும் துடுப்பும்தான், எஞ்சின் என்ற பேச்சே இல்லை. நடுராத்திரிக்கு மேல் கரையிலிருந்து கடலைப் பார்த்து ஒரு காற்று இறங்கும், அதில் பாய் விரித்தால் விடிவதற்குள் வலை போடும் இடத்துக்குப் போய்விடலாம், மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பி வீசும்போது அதே பாயில் கரைக்கு வந்துவிடலாம். அந்தக் காற்றுக்காக இரண்டரை மணிக்கு எழுந்து பழகியவர். அப்புறம் 80களில் முட்டத்தில் ப்ளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள், அவுட்போர்டு எஞ்சின் வந்தது, அப்பாவும் கடன் வாங்கி ஒரு வள்ளம் எடுத்தார், ஆனால் எழும் நேரம் மட்டும் மாறவில்லை. அலாரம் வைத்து நான் பார்த்ததே இல்லை. அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுப்பாள், நின்றுகொண்டே குடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் சிப்பியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் இன்ன தென்னை தெரிந்தால் அது ஒரு கோடு, வேளிமலை உச்சியும் கரையில் இன்ன பாறையும் ஒன்றாகச் சேர்ந்தால் அது இன்னொரு கோடு, ரெண்டும் வெட்டுகிற இடத்தில் தண்ணிக்கு அடியில் பார் இருக்கும், அதாவது பாறைத் திட்டு, அங்கே மீன் நிற்கும். பத்தாம் வகுப்புக்கு ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பிக் கோடுதான் ஞாபகம் வரும். ஆனால் என்னை அவர் கடலுக்குக் கூட்டிப்போகவே இல்லை. "ஒனக்கு இது வேண்டாம் மக்களே, இது என்னோட போட்டும்" என்பார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, அவன் போனான். அத்தை மகனும் அப்பாவோடுதான் கடல் பழகினான்.

அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது அவன் தங்கு கடலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தொழிலில், இருந்தான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 74 வயது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்தது, அப்பா பத்து நாளுக்கு மேல் கரையிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்புறம் ஒருநாள் எழுந்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு அவன் பேரை அவர் எடுத்து நான் கேட்டதில்லை. அத்தை இன்றுவரை அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை.

2019-ல் அம்மா இறந்தாள். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது, சாப்பிட்டதை மறந்தார், அம்மா இறந்ததை மறந்தார், 2022-ல் நான் நாகர்கோவிலுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஊரில் விட்டால் ராத்திரியில் கடலில் இறங்கிவிடுவார் என்று பயம், தம்பி தங்கலுக்குப் போனால் பத்து பதினைந்து நாள் வரமாட்டான். நாகர்கோவில் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சன்னலைத் திறந்து காற்று பார்ப்பார், எதிரில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கும். துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்து எடுத்துவந்து சன்னல் கம்பியில் முடிச்சு போட்டுக்கொண்டே இருப்பார். அவர் வலது ஆட்காட்டி விரலில் தங்கூஸ் என்கிற தூண்டில் நரம்பை இழுத்து இழுத்து விழுந்த ஒரு பள்ளம் உண்டு, ஒரு அரிசியைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு ஆழம். அந்த விரலில் கயிற்றை மடக்கி ஒரு இழுப்பு இழுப்பார், முடிச்சு நின்றுவிடும். என்னை யாரென்று தெரியாத நாளில்கூட முடிச்சு தப்பியதில்லை.

ராத்திரி இரண்டரைக்கு எழுந்து வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டுவார். "கதவத் தொற மக்களே, நேரமாச்சு." ஒருமுறை தெரு தாண்டி மெயின் ரோட்டுக்கே போய்விட்டார், பால் வேன் ஓட்டி வந்தவர்தான் பார்த்துக் கூட்டிவந்து விட்டார். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. சில நாள் "பய வந்தானா? வரல்லியே, போய்ப் பாத்துட்டு வாறேன்" என்பார். எந்தப் பய என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு மேல் நானும் மனைவியும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

போன வருஷம் பொதுத்தேர்வு நேரம். மறுநாள் எனக்குத் தேர்வு மையத்தில் வேலை, காலையில் ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அன்றைக்கு மூன்று தடவை எழுந்து கேட்டுக்குப் போனார். மூன்றாவது தடவை நான் கத்தினேன். "ஒங்களுக்கு இனிமே கடலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எல்லாம் முடிஞ்சு போச்சு. போய்ப் படுங்க." கையைப் பிடித்து இழுத்தேன். கம்பியை விட்டார். என் முகத்தைப் பார்த்து "சரி சார்" என்றார்.

அதற்கப்புறம் அவர் கேட்டுப் பக்கம் போகவே இல்லை அம்மா. இரண்டரைக்கு எழுவார், கட்டிலில் உட்கார்ந்திருப்பார், விடிந்ததும் படுத்துக்கொள்வார். ஏழு மாதத்தில் நிமோனியா வந்து போய்விட்டார். அடக்கத்தன்று ஊரே வந்தது, ஆளாளுக்கு அவரைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இப்போது நான் இரண்டரைக்கு எழுந்துவிடுகிறேன். பத்து மாதமாகத் தினமும். சன்னல் கம்பியில் அவர் போட்ட முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன, அவிழ்க்க மனம் வரவில்லை. எண்பது வருஷம் வாழ்ந்த மனிதர், எனக்கு மட்டும் ஏன் அந்த ஒரு ராத்திரி? நான் என்ன எழுதுவது?

– ஒரு மகன், நாகர்கோவில்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோட்டில் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் காற்று, சிப்பிக் கோடு, விரலில் இருந்த பள்ளம் என்று உங்கள் அப்பா முழுசாக வந்திருக்கிறார். அதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த ராத்திரி.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். கேட்டைப் பூட்டியது சரி. மெயின் ரோட்டுக்குப் போன ஒரு மறதி நோயாளியை வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது காவல், சிறை இல்லை. கத்தியது, கையைப் பிடித்து இழுத்தது, அது அவருக்கு வலித்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷம் தூக்கமில்லாமல் இருந்த உடம்பிலிருந்து வந்த வார்த்தை அது. அந்த நிலையில் கத்தாத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னிடம் வந்து அதைச் சொல்லி அழுதவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சரி சார்" என்பது உங்களுக்கு ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்று புரிகிறது. மகனாக நின்று கத்தினீர்கள், அவர் உங்களை யாரோ ஒரு அதிகாரியாகப் பார்த்துப் பதில் சொன்னார். ஆனால் ஒன்று யோசியுங்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டுக்குப் போகாததற்கு உங்கள் சத்தம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இந்த நோயில் முதலில் அலைச்சல் இருக்கும், நோய் முற்ற முற்ற தானாக எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கும் உந்துதலே குறைந்துபோகும், கட்டிலில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். அன்றைய சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்ததாலேயே முன்னது காரணமாகிவிடாது, கணக்கு வாத்தியாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம். மறதி நோயாளிக்கு நடந்த சம்பவம் சீக்கிரம் அழிந்துவிடும், அது விட்டுப்போன உணர்ச்சி கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும். அன்றைய பயம் அவருக்குள் சற்று நேரம் தங்கியிருக்கலாம். அப்படியென்றால் அந்த இரண்டு வருஷமும் நீங்கள் குளிப்பாட்டியது, ஊட்டியது, மூன்று மணிக்குக் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிவந்தது, அந்தச் சுகமும் தங்கியிருக்கும். ஒன்றை மட்டும் எண்ணி மற்றதை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை தப்பாகத்தானே வரும்.

இனி, கடிதத்தில் நீங்கள் ஒரே மூச்சில் தாண்டிப் போன ஒரு வரிக்கு வருகிறேன். "பய வந்தானா? வரல்லியே, போய்ப் பாத்துட்டு வாறேன்." எந்தப் பய என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நீங்களே அதற்கு இரண்டு பத்தி முன்னால் எழுதியிருக்கிறீர்கள், அவர் கையில் கடல் பழகிய ஒரு பையன் போய்த் திரும்பவில்லை, பத்து நாளுக்கு மேல் கரையில் காத்திருந்துவிட்டு எழுந்து வந்தவர் அதன் பிறகு அவன் பேரையே எடுக்கவில்லை. மறதி நோயில் நேற்று நடந்தது முதலில் போகும், பழசு நெடுநாள் நிற்கும், மனதில் பூட்டி வைத்திருந்ததும் சில சமயம் வெளியே வரும். அந்த ராத்திரிகளில் சில நாள் அவர் தொழிலுக்குக் கிளம்பியிருக்கலாம். சில நாள் அவனைத் தேடிக் கிளம்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரை எடுக்காததை மறந்துவிட்டார் என்று வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி ஒரு விஷயத்தைக் கவனித்தார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. அதை அவர் தெளிவில்லாத இழப்பு என்றார். அதில் இரண்டு வகை உண்டு. ஆள் கண் முன்னால் இல்லை, மனதில் இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் கண் முன்னால் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த மனிதர் இல்லை என்பது இன்னொன்று. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு சட்டப்படி வேண்டிய ஏழு வருஷம் காத்திருக்காமல் அரசாங்கம் இறப்புச் சான்று கொடுத்தது, 20 லட்சம் கொடுத்தது, குடும்பங்களுக்கு அது தேவைதான், ஆனால் உங்கள் அத்தைக்கு அந்தக் காகிதத்தால் மாலை போடும் மனம் வந்துவிடவில்லை பாருங்கள். அத்தைக்கு முதல் வகை. உங்களுக்கு இரண்டாவது. அப்பா போன வருஷம்தான் இறந்தார் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள், ஆனால் சிப்பியால் கோடு போட்ட மனிதரை நீங்கள் அதற்கு நாலைந்து வருஷம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தீர்கள். அதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. ஆள்தான் வீட்டில் இருக்கிறாரே.

அந்த ஒரு ராத்திரி மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். கடைசி வருஷங்கள் எல்லாருக்கும் பக்கத்தில் இருப்பவை, பெரிசாகத் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பதை மறைக்கும். அதோடு உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அப்பாவின் வாழ்க்கையில் பெரும்பகுதி நடந்தது கடலில், அங்கே அவர் உங்களைக் கூட்டிப்போகவில்லை. பாசத்தால்தான் கூட்டிப்போகவில்லை, ஆனால் அதனால் அவருடைய அறுபது வருஷம் உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் இருப்பது கரையில் இருந்த அப்பா மட்டும். மிச்சம் ஊரில் மற்றவர்களிடம் இருக்கிறது. அடக்கத்தன்று அவர்கள் சொன்னது அதுதான், உங்களுக்கு அன்றைக்குக் காதில் ஏறவில்லை. இப்போது போய்க் கேளுங்கள்.

முதலில் அத்தையிடம் போங்கள். "பய வந்தானா" என்று அப்பா ராத்திரியில் கேட்டதை அவரிடம் சொல்லுங்கள். இதைச் சொன்னால் அவர் நொறுங்கிவிடுவார் என்று தயங்கலாம். தன் மகனைத் தன்னைத் தவிர வேறு யாரும் எதிர்பார்க்கவில்லை என்று ஏழெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, அண்ணனும் கடைசிவரை அவனைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார் என்பது பெரிய செய்தி. அழுவார், பக்கத்தில் உட்காருங்கள். மாலை போடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவர் முடிவு. அப்புறம் அப்பாவோடு ஒரே கட்டுமரத்தில் போனவர்கள் இன்னும் யாராவது இருப்பார்கள், வலை கட்டும் இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்காதீர்கள், நல்லவர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கடலில் என்ன பாட்டு பாடுவார், எதற்குக் கோபப்படுவார், மீன் படாத நாளில் என்ன செய்வார், எந்தப் பாரை அவர் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்டருகே நடந்ததையும் எழுதுங்கள், ஊருக்காக அல்ல. "அப்பா" என்று விளித்து அவருக்கே எழுதுங்கள், அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு கேட்க வேண்டுமானால் அதில் கேளுங்கள், நீங்கள் பட்ட கோபத்தையும் எழுதுங்கள், அதுவும் உண்மைதான். ஒருநாள் தம்பி கரையில் இருக்கும்போது ஊரில் போய்ப் படுங்கள். இரண்டரைக்குத்தான் எப்படியும் எழுகிறீர்கள், எழுந்ததும் இரண்டு பேருமாகக் கரைக்குப் போய் அந்தக் காற்றில் நின்று அதை வாசித்துவிட்டு வாருங்கள். அது முடியாமல் ஐந்து நிமிஷப் பேச்சு எழுத வராது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவரிடம் சொல்ல வேண்டியது வழியில் நிற்கிறது.

தூக்கத்தை மட்டும் நான் கடிதத்தில் சரி செய்ய முடியாது. பத்து மாதமாகத் தினமும் நடுராத்திரியில் விழிப்பு, ஒரே காட்சி, இதை நான் லேசாக எடுக்க மாட்டேன். ஆறு மாதம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் இறங்காமல் அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால் அதைத் தனியாகச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் சொல்லக்கூடாது, அதனால்தான் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்கிறேன். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோகூட, விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். அப்புறம், உங்கள் மனைவி. அவரும் இரண்டு வருஷம் தூங்கவில்லை என்று ஒரே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ராத்திரி அவரும் வீட்டில் இருந்திருப்பார். அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று இதுவரை கேட்டீர்களா?

முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம். தம்பி அடுத்த தடவை நாகர்கோவில் வரும்போது சன்னல் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எது வலைக்குப் போடுகிற முடிச்சு, எது தூண்டிலுக்கு, எது வள்ளம் கட்டுவதற்கு என்று அவன் கை பட்டதும் சொல்லிவிடுவான். ஒன்றையாவது அவனிடம் போடப் பழகிக்கொள்ளுங்கள். திருப்பலி முடிந்ததும் பேச்சை எங்கே தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை என்றால் அந்த விரலில் தொடங்குங்கள், ஒரு அரிசி படுக்கும் ஆழம் என்று எனக்கு எழுதினீர்களே, அதே வாக்கியத்தில்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்